தீயணைப்பு வண்டி வர்றதுக்கு முன்னாடி வர்றவங்க

இன்னிக்கு இழை கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஏப்ரல் 14ன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? தமிழ்ப் புத்தாண்டு. அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். எங்க மயிலாப்பூர் பக்கம்னா மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ, கபாலி கோயில் கூட்டம். இன்னொண்ணும் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. அன்னிக்குத்தான் இந்தியா முழுக்கத் தீயணைப்போர் தினம்.

1944 ஏப்ரல் 14. இரண்டாம் உலகப்போர் நடந்துட்டிருந்த நேரம். பம்பாய் துறைமுகத்துல ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’னு ஒரு கப்பல் நின்னுச்சு. அதுல பஞ்சுப் பொதி இருந்துச்சு. அதே கப்பல்ல சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்துச்சு. கூடவே தங்கக் கட்டிகள் வேற. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒண்ணா ஏத்தணும்னு யாருக்குத் தோணுச்சோ தெரியல. மதியம் புகை வந்துச்சு. தீயணைப்பு வீரர்கள் கப்பல்ல ஏறி தண்ணி அடிச்சுட்டே இருந்தாங்க. நாலு மணி வாக்குல கப்பல் வெடிச்சது. கொஞ்ச நேரத்துல மறுபடியும் வெடிச்சது. நூத்துக்கணக்கான பேர் செத்துப் போனாங்க, அதுல 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவங்க நினைவாத்தான் இந்த நாள்.

ஆனா இந்த இழை சீருடை போட்ட வீரர்களைப் பத்தி மட்டும் இல்ல. அவங்க வர்றதுக்கு முன்னாடி அங்க நிக்கிறவங்களைப் பத்தி. ஏன் இதை எழுதறேன்னு சொல்றேன்.

நான் எம்.பி.பி.எஸ். முடிச்சு முதல்ல சேர்ந்தது ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். சென்னையில பொறந்து வளர்ந்த எனக்கு அந்த ஊர் ரொம்பவே புதுசு. ஒரு பங்குனி மாச ராத்திரி ஒன்பது மணி இருக்கும், ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. நாப்பது வயசு. மாட்டுக் கொட்டகையில தீ. மாட்டை அவுத்து விட உள்ள போயிருக்காரு. ரெண்டு மாட்டை வெளிய விட்டுட்டு, மூணாவதுக்குத் திரும்பப் போயிருக்காரு.

நடந்துதான் வந்தாரு. கையில, முதுகுல தீக்காயம், பெருசா இல்ல. அவரோட வந்தவங்க எல்லாம் “ஒண்ணுமில்ல சார், மருந்து போட்டு விடுங்க”ன்னாங்க. எனக்கு அந்தக் காயத்தைப் பார்த்து பயம் வரல. அவர் பேசினதைக் கேட்டுத்தான் பயம் வந்துச்சு. குரல் கரகரன்னு இருந்துச்சு. மூக்குல டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள முடியெல்லாம் கருகி, கரி படிஞ்சிருக்கு.

மக்களே, இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. தீ விபத்துல நிறைய பேர் சாகறது நெருப்பு பட்டு இல்ல, புகையால. சூடான புகை உள்ள போனா குரல்வளை வீங்கும். இப்போ பேசிட்டு இருக்கிறவர் ஒரு மணி நேரம் கழிச்சு மூச்சு விட முடியாம போயிடுவாரு. கார்பன் மோனாக்சைடு வேற ரத்தத்துல ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்துல போய் உட்கார்ந்துக்கும். ஆள் பார்க்க நல்லாத்தான் இருப்பாரு.

ஆக்ஸிஜன் வெச்சு, ஊசி போட்டு, 108ல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். வழியிலேயே குரல் போயிடுச்சு. அங்க போன உடனே மூச்சுக்குழாய்ல டியூப் போட்டாங்க. பிழைச்சுட்டாரு. அவர் கதைக்குக் கடைசியில வர்றேன்.

அடுத்த நாள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். டாக்டருக்கு இது தேவையில்லாத வேலைதான், ஆனா மனசு கேக்கல. தீயணைப்பு நிலையம் இருக்கிறது பக்கத்து டவுன்ல. தகவல் கிடைச்ச உடனே கிளம்பிட்டாங்க. ஆனா தூரம் தூரம்தானே? கூரைக்கு அவ்வளவு நேரம் தாங்காது. அவங்க வந்தப்போ எரிய வேண்டியது எல்லாம் எரிஞ்சு முடிஞ்சிருந்தது. பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பரவாம தடுத்தது யாருன்னு கேட்டேன். பால் ஊத்தற அண்ணன், ரேஷன் கடைக்கு எதிர்ல டெய்லர் கடை வெச்சிருக்கிறவர், நாலஞ்சு காலேஜ் பசங்க. பக்கத்து வீட்டுக் கூரையில ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருக்காங்க. நடுவுல இருந்த கீத்தைத் துரட்டி வெச்சு இழுத்துத் தள்ளியிருக்காங்க. கிணத்துல தண்ணி இருந்துச்சு, பம்புசெட்டும் இருந்துச்சு. ஆனா அந்த நேரத்துல மும்முனை மின்சாரம் இல்ல. குடத்துலயே மொண்டு ஊத்தியிருக்காங்க.

தீயணைப்புத் துறையில இதுக்கெல்லாம் பெயரே இருக்கு. பரவற பாதையை வெட்டறது, பக்கத்துல இருக்கிறதைக் குளிர வைக்கிறது. இவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. தாத்தா செஞ்சதைப் பார்த்து அப்பா, அப்பா செஞ்சதைப் பார்த்து இவங்க.

ஒரு விஷயம் மட்டும் யாரும் சொல்லித் தராததால தெரியல. புகைக்குள்ள மறுபடியும் போகக் கூடாதுன்னு.

சரி, இப்போ வரலாற்றுக்கு வருவோம்.

ஊர்க்காரங்களே சேர்ந்து தீயணைக்கிற படை வெச்சுக்கிறது உலகத்துல புதுசு இல்ல. பழைய ரோம்ல கிராஸஸ்னு ஒரு பெரும் பணக்காரன் இருந்தான். எங்கயாவது தீப்பிடிச்சா அந்த எரியற வீட்டையும் பக்கத்து வீட்டையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போடுவான்னு புளூட்டார்க் எழுதி வெச்சிருக்காரு. (ரியல் எஸ்டேட் அப்பவே அப்படித்தான்.) கி.பி. 6ல அகஸ்டஸ் சீசர்தான் அரசு செலவுல ஒரு காவல், தீயணைப்புப் படையை உருவாக்கினாரு.

1736ல அமெரிக்காவோட பிலடெல்ஃபியா நகரத்துல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் — ஆமா, பட்டம் விட்டு மின்னலைப் பிடிச்ச அதே மனுஷன் — அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு. சேர்றவங்க ஆளுக்குச் சில தோல் வாளிகளும், எரியற வீட்டுலேர்ந்து சாமானை அள்ளிப் போட பையும் சொந்தமா வெச்சிருக்கணும். அவ்வளவுதான் கட்டணம். இன்னிக்கும் அமெரிக்காவுல தீயணைப்பு வீரர்கள்ல மூணுல ரெண்டு பங்கு சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்தான், கிராமப்புறத்துல கிட்டத்தட்ட எல்லாருமே. ஜெர்மனியில சுமார் 10 லட்சம் பேர் இப்படி இருக்காங்க. தென் அமெரிக்காவுல சிலி நாட்டுல 1851ல வால்பரைசோ துறைமுகத்துல ஆரம்பிச்சது. இன்னிவரைக்கும் அந்த நாடு முழுக்கத் தீயணைப்பு தன்னார்வலர்கள் கையிலதான். பகல்ல வக்கீல், பேக்கரிக்காரர், வாத்தியார். சைரன் அடிச்சா ஹெல்மெட்.

நம்ம நாட்டுல ஏன் இப்படி வளரல?

தேதிகளைப் பாருங்க, புரியும். 1803 பிப்ரவரியில பம்பாய் கோட்டைப் பகுதியில பெரும் தீ. அந்த வருஷமே பம்பாயில தீயணைப்புப் படை வந்தது. 1822ல கல்கத்தா. 1867ல டெல்லி. நம்ம மெட்ராஸுக்கு வந்தது 1908ல. எங்கே சரக்கு இருந்துச்சோ, எங்கே ஆட்சி இருந்துச்சோ, அங்கே தீயணைப்பு வண்டி வந்துச்சு. பிரிட்டிஷ்காரனுக்குக் குமுளி கிராமத்துக் கூரை எரிஞ்சா என்ன? இது என்னோட கருத்துதான், சண்டைக்கு வராதீங்க. ஆனா படையை ஊர்க்காரங்க கையில கொடுக்காம போலீசோட ஒட்டியே வளர்த்தது வரலாறு. தமிழ்நாட்டுல தீயணைப்பு போலீஸ்லேர்ந்து பிரிஞ்சு தனித்துறையானதே 1969லதான். தனிச்சட்டம் வந்தது 1985ல.

மெட்ராஸ் படை பிறந்து ஆறாவது வருஷம், 1914 செப்டம்பர் 22 ராத்திரி. ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்துக்குப் பக்கத்துல பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுட்டுப் போச்சு. நகரத்துல பாதிப் பேர் மூட்டை கட்டினாங்க. “எம்டன்”னு இன்னிக்கும் வீட்டுல கெட்டிக்காரப் பிள்ளையையும் கோவக்கார அப்பாவையும் சொல்றோமே, அந்தத் தீ வெச்சுட்டுப் போன பெயர்தான்.

அடுத்த உலகப்போர்ல நிலைமை இன்னும் மோசம். 1942 ஏப்ரல்ல ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவுல குண்டு போட்டுச்சு. மெட்ராஸே காலியாச்சு. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன ஆகும்னு, அப்போ சென்ட்ரல் பக்கத்துல இருந்த மிருகக்காட்சி சாலையோட கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்னுட்டாங்க.

அந்த நாட்கள்லதான் நம்ம ஊர்ல முதல் தடவையா சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, இந்தா வாளி, இந்தா மணல், தீக்குண்டு விழுந்தா இப்படி அணைக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஏ.ஆர்.பி. வார்டன்கள். உங்க வீட்டுல தொண்ணூறு வயசு தாண்டின பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. விளக்கை அணைன்னு தெருவுல கத்திட்டு வர்ற வார்டன் ஞாபகம் இருக்கலாம். 1943 அக்டோபர்ல ஒரு ஜப்பான் விமானம் நிஜமாவே மெட்ராஸ்ல குண்டு போட்டுட்டுப் போச்சு.

போர் முடிஞ்சது. வார்டன்களும் வாளிகளோட வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். எதிரி வந்தாத்தான் பயிற்சியா? அடுப்பு தினமும் எரியுதே.

1962ல சீனாவோட போர், மறுபடி ஞாபகம் வந்துச்சு. 1963ல நம்ம மாநிலத்துல ஊர்க்காவல் படைக்குச் சட்டம் போட்டாங்க. அறுபத்து மூவர் அன்னிக்கு மயிலாப்பூர் மாடவீதியில கயிறு பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்கதான். வங்கி ஊழியர், கடைக்காரர், கூரியர் பையன், எல்லாரும் வேற வேலை பார்த்துக்கிட்டே வர்றவங்க. தீயணைப்புல, மீட்புல உதவறதும் அவங்க வேலைதான்னு இருக்கு. ஆனா நடைமுறையில நாம அவங்களைக் கூட்டத்துக்கும் போக்குவரத்துக்கும்தான் பயன்படுத்தறோம்.

இதுக்கு நடுவுல கூரைகள் எரிஞ்சுட்டேதான் இருந்துச்சு. சென்னையில ஐம்பது, அறுபதுகள்ல கோடை வந்தாலே குடிசைப் பகுதியில தீன்னு செய்தி வரும். ஒரு அடுப்புப் பொறி, ஒரு தெருவே சாம்பல். 1970ல குடிசை மாற்று வாரியம் வந்ததுக்கு இந்தத் தீயும் ஒரு காரணம். மெரினா ஓரம் நொச்சி நகர் அடுக்குமாடிகள் எழுபதுகளோட தொடக்கத்துல வந்தது அப்படித்தான். அதை நான் தீயணைப்பு வரலாறாத்தான் பார்க்கிறேன். கான்கிரீட் கூரையைப் போல உயிர் காத்த தீயணைப்புக் கருவி இந்த ஊர்ல வேற இல்ல.

அதுக்கப்புறம் தீ மேல ஏறிடுச்சு. 1975 ஜூலை 11, மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம். 1959ல திறந்த 177 அடி உயரம், ஊரே அண்ணாந்து பார்த்த கட்டடம் அன்னிக்கு எரியறதையும் அண்ணாந்துதான் பார்த்துச்சு. 1985 மே 30, மூர் மார்க்கெட். பழைய புத்தகம் தேடின ஒரு தலைமுறையே இன்னும் அதுக்காக ஏங்குது. 2008 செப்டம்பர்ல தி.நகர் ரங்கநாதன் தெருவுல ஒரு பெரிய கடையில தீ, ரெண்டு ஊழியர்கள் இறந்தாங்க. 2017 மே 31 விடியக்காலை உஸ்மான் ரோடு சென்னை சில்க்ஸ். மேல் மாடியில இருந்த ஊழியர்களை மீட்டு இறக்கிட்டாங்க. ஆனா தீ ஒரு நாளைக்கு மேல எரிஞ்சு, ஏழு மாடிக் கட்டடத்துல ஒரு பக்கம் சரிஞ்சே விழுந்துச்சு.

இந்த மாதிரி தீக்கெல்லாம் குடமும் துரட்டியும் ஒண்ணும் பண்ண முடியாது, ஒத்துக்கிறேன். இங்க பொதுமக்கள் செய்யக் கூடிய பெரிய உதவி, செல்போனைப் பையில வெச்சுட்டு வண்டிக்கு வழி விடறதுதான்.

வீரர்களுக்கும் உயிர் ஒண்ணுதான். 2012 ஜனவரி பொங்கல் சமயம், சேப்பாக்கம் எழிலக வளாகத்துல கலச மஹால். நவாப் காலத்துப் பழைய கட்டடம், உள்ள மரமும் காகிதமும். அணைக்கப் போனவங்க மேல கட்டடம் இடிஞ்சு விழுந்து, ஒரு தீயணைப்பு வீரர் அங்கேயே உயிரை விட்டாரு. இந்தியாவோட முதல் பெண் தீயணைப்பு அதிகாரிகள்ல ஒருத்தரான பிரியா ரவிச்சந்திரன் மோசமான தீக்காயத்தோட மருத்துவமனைக்கு வந்தாங்க. பல மாசம் சிகிச்சை. திரும்பவும் பணிக்குப் போனாங்க.

கும்பகோணத்தைச் சொல்லாம இந்த இழையை எழுத முடியாது. 2004 ஜூலை 16. சமையல் கொட்டகையில கிளம்பின தீ, கீத்துக் கூரை வழியா வகுப்பறைக்கு ஏறுச்சு. 94 குழந்தைகள். அன்னிக்குத் தீயணைப்புப் படையோட சேர்ந்து குழந்தைகளைத் தூக்கிட்டு வெளிய ஓடி வந்தவங்க அக்கம்பக்கத்துல இருந்த சாதாரண ஜனங்க. பள்ளிக்கூடத்துல கீத்துக் கூரை கூடாதுன்னு அரசு ஒரே பிடியா நின்னது அதுக்கப்புறம்தான். எனக்கு அப்போ பள்ளிக்கூடம் போற வயசு. அந்த வாரம் எங்க ஸ்கூல்லயும் ஷெட்டைப் பிரிச்சாங்க, நாங்க மரத்தடியில உட்கார்ந்து படிச்சோம்.

அப்புறம் 2015 டிசம்பர். தீ இல்ல, தண்ணி. அடையாறு கரை மீறி கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் முங்கிப் போச்சு. நான் அப்போ படிச்சு முடிச்ச புதுசு, மருத்துவ முகாம்ல நின்னேன். தீயணைப்பு, ராணுவம், பேரிடர் மீட்புப் படை எல்லாரும் வந்தாங்க. ஆனா முகாமுக்கு வந்த நிறைய பேர் சொன்னது, “மீன்காரங்க போட் எடுத்துட்டு வந்தாங்க சார்.” குப்பத்துலேர்ந்து படகை லாரியில ஏத்திக்கிட்டு தெருவுக்குள்ள வந்தவங்க. யாரும் கூப்பிடல, யாரும் காசு கொடுக்கல.

கேரளாவுலயும் 2018 வெள்ளத்துல இதேதான் நடந்துச்சு, மீனவர்கள்தான் காப்பாத்தினாங்க. வித்தியாசம் எங்கன்னா, அதுக்கப்புறம் அவங்க என்ன பண்ணாங்கங்கறதுல. 2019ல தீயணைப்புத் துறைக்குக் கீழேயே ஒரு தன்னார்வப் படை அமைக்க உத்தரவு போட்டாங்க. 124 தீயணைப்பு நிலையம், ஒவ்வொண்ணுக்கும் 50 பேர், மொத்தம் 6,200 பேர். தேர்வு, பயிற்சி, சீருடை எல்லாம் உண்டு. ஃபிராங்க்ளின் ஆரம்பிச்சதோட மலையாள வடிவம்னு வெச்சுக்கோங்க.

மத்திய அரசோட ‘ஆப்த மித்ரா’ திட்டம் இருக்கே சார்னு கேப்பீங்க. இருக்கு, நல்ல திட்டம். 350 மாவட்டங்கள்ல ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சின்னு இலக்கு. ஆனா மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது வெள்ளம், நிலச்சரிவு, புயல், நிலநடுக்கம் இந்த நாலை வெச்சு. தினமும் எங்க தீக்காய வார்டை நிரப்பற சமையலறைத் தீ அதுல கணக்கு இல்ல.

நம்ம தீயணைப்புத் துறையோட பெயர்ல இப்போ ‘மீட்புப் பணிகள்’னும் சேர்ந்திருக்கு. கிராமத்து நிலையத்துல போய் உட்கார்ந்து பாருங்க, ஏன்னு புரியும். வீட்டுக்குள்ள பாம்பு, கிணத்துல மாடு, புளியமரத்துல கதண்டு, குளத்துல மூழ்கினவங்க, எல்லாத்துக்கும் அவங்கதான். கிணத்துல இருக்கிற மாட்டைத் தூக்கிட்டு இருக்கும்போது பத்து கிலோமீட்டர் தள்ளி கூரை பத்திக்கிச்சுன்னா அந்த வண்டி என்ன பண்ணும்?

ஒரு மருத்துவரா நான் கேக்கிறது ரொம்பப் பெருசு இல்ல. ஒரு ஊருக்குப் பத்துப் பேர். எப்போ அணைக்கலாம், எப்போ ஓடிடணும்னு தெரிஞ்சவங்க. புகைன்னா குனிஞ்சு, தவழ்ந்து வெளிய வரணும், திரும்ப உள்ள போகக் கூடாதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்க. தீக்காயத்துல 20 நிமிஷம் ஓடற குழாய்த் தண்ணியை விடணும், ஐஸ் வேண்டாம், மோதிரம் வளையலை உடனே கழட்டணும், சுத்தமான துணியால மூடணும்னு தெரிஞ்சவங்க. பேஸ்ட், இங்க், இட்லி மாவு, மஞ்சள், முட்டை இதெல்லாம் நான் காயத்துலேர்ந்து கழுவி எடுத்த பொருட்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நோயாளி கத்தற கத்தல் எனக்குத்தான் தெரியும். 101, 108, 112 மூணையும் மனப்பாடமா வெச்சிருக்கிறவங்க.

அந்த மாட்டுக்காரர் கதைக்கு வர்றேன்னு சொன்னேன்ல? ரெண்டு மாசம் கழிச்சு பி.பி. மாத்திரை வாங்க சுகாதார நிலையத்துக்கு வந்தாரு. குரல் பழையபடி வரல. நான் திட்டினேன், “ஒரு மாட்டுக்கு உயிரை விடப் பார்த்தீங்களே அண்ணே.” அவர் சிரிச்சுக்கிட்டே, “அது சினை மாடு சார்”னாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல தீயணைப்பு வாரம் வந்துச்சு. 14 முதல் 20 வரைக்கும் பள்ளிக்கூடம், மருத்துவமனைன்னு போய்ச் செயல்விளக்கம் காட்டுவாங்க, காசு கிடையாது. நான் அந்த டவுன் நிலையத்துக்குப் போன் பண்ணி எங்க ஊருக்கு வர முடியுமான்னு கேட்டேன். அதிகாரி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: “எத்தனை பேர் வருவாங்க டாக்டர்?” நான் தைரியமா அம்பதுன்னுட்டேன். உள்ளுக்குள்ள நானும் நர்ஸ் அக்காவும் மட்டும்தான் இருப்போம்னு பயம்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு எண்ணிப் பார்த்தேன், எழுபதுக்கு மேல. பாதிக்கு மேல பெண்கள், நூறுநாள் வேலை முடிச்சு அப்படியே வந்தவங்க. சிலிண்டர் வாயில தீயைப் பத்த வெச்சு, ஈரச் சாக்கால எப்படி மூடி அணைக்கணும்னு காட்டினாங்க. யாராவது வந்து செய்றீங்களான்னு கேட்டப்போ பசங்க ஒருத்தரை ஒருத்தர் தள்ளி விட்டுட்டு நின்னாங்க. கடைசியில முன்னாடி வந்தது அந்த மாட்டுக்காரரோட அம்மா. எழுபது வயசுக்கு மேல இருக்கும். முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு, சாக்கைத் தண்ணியில முக்கி, உடம்பைத் தள்ளி வெச்சுக்கிட்டு, காத்து வர்ற பக்கமா நின்னு ஒரே போடு. தீ அணைஞ்சுடுச்சு. காத்துக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு அந்த வீரர் இன்னும் சொல்லியே இருக்கல.